நான் பாதி மட்டும் சொன்ன கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக வாசியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "டீச்சர், எங்க சண்டே ஸ்கூல்ல எனக்கு எஸ்தர் பாடம் குடுத்திருக்காங்க. எட்டாங்கிளாஸ்ல நீங்க நடத்தினீங்களே, அந்த நோட்டு இருக்கா?"

நோட்டு இல்லை. ஆனால் அந்தப் பாடம் நடத்திய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1992. நடுநிலைப் பள்ளி, வேதபாட வகுப்பு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரசீக ராஜா அகாஸ்வேரு 127 நாடுகளை ஆண்டவர். ஒரு பெரிய விருந்தின் ஏழாம் நாள், குடித்திருந்த நேரத்தில், ராணி வஸ்தியின் அழகைச் சபையாருக்குக் காட்ட வேண்டும், கிரீடத்தோடு அழைத்து வாருங்கள் என்கிறார். அவள் வர மறுக்கிறாள். ராணிப் பட்டம் போகிறது. அவள் இடத்துக்கு வருகிறவள் எஸ்தர். தாய் தகப்பன் இல்லாத யூதப் பெண். உறவுக்காரர் மொர்தெகாய் எடுத்து வளர்த்தவள். யூதர்களை ஒரே நாளில் அழித்துவிட ஆமான் என்ற மந்திரி ராஜாவிடம் ஆணை வாங்குகிறான். கூப்பிடாமல் ராஜாவின் முன்னால் போனால் மரணம் என்பது சட்டம். எஸ்தரை அவர் கூப்பிட்டு 30 நாளாகிவிட்டது. ஆனாலும் மூன்று நாள் உபவாசம் இருந்து உள்ளே போகிறாள். தன் ஜனத்தைக் காப்பாற்றுகிறாள். அந்த நினைவாகத்தான் யூதர்கள் இன்றும் பூரீம் பண்டிகை கொண்டாடுகிறார்கள்.

நான் அன்றைக்குக் கரும்பலகையில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினேன். வஸ்தி: மேட்டிமை. எஸ்தர்: பணிவு. பின் பெஞ்சில் இருந்து இவள் எழுந்தாள். "அத்தனை ஆம்பளைங்க குடிச்சிட்டு இருக்கிற எடத்துக்கு வரமாட்டேன்னு சொன்னது தப்பா டீச்சர்?"

"கதையில உள்ளதை மட்டும் கேளு, உட்காரு" என்றேன்.

எனக்கு ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான் படிப்பு. வேத ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க நேரம் கிடைத்தது. அவளுக்குப் புது நோட்டு எழுத உட்கார்ந்தபோதுதான், நான் செய்த அதே வேலையை 2,000 வருடமாகப் பலரும் செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

முதலில் அந்தப் புத்தகமே ஒரு புதிர். எபிரேய மூலத்தில் கடவுள் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. எஸ்தர் ஜெபம் பண்ணினாள் என்றும் இல்லை, உபவாசம் என்று மட்டும்தான் இருக்கிறது. சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த பழைய சுருள்களில் இந்தப் புத்தகத்தின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. பின்னால் கிரேக்கத்தில் எழுதியவர்களுக்கு இது குறையாகப் பட்டிருக்க வேண்டும். நீண்ட ஜெபம் சேர்த்தார்கள். இந்தக் கிரீடமே எனக்கு அருவருப்பு என்று அவள் கடவுளிடம் சொல்வதாகச் சேர்த்தார்கள். ராஜாவின் கோபமுகத்தைப் பார்த்ததும் மயங்கிச் சாய்வதாகவும் சேர்த்தார்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் இவை உண்டு. நம் வீட்டு வேதாகமத்தில் இல்லை. பக்கத்துத் தெரு அக்கா வாசிக்கும் எஸ்தர் மயங்குகிறாள், நான் வாசிக்கும் எஸ்தர் நிமிர்ந்து நிற்கிறாள். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆர்த்தெமிசியா ஜெண்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் அந்த மயக்கத்தைத்தான் பெரிய படமாக வரைந்தார்.

யூத ரபீமார் இன்னும் சுவாரசியம். உலகத்தின் நான்கு பேரழகிகளில் எஸ்தர் ஒருத்தி என்கிறது தல்மூத். அதே தல்மூத்தில் இன்னொருவர், அவள் பச்சை பாய்ந்த நிறம், தெய்வ தயவுதான் அழகாகக் காட்டியது என்கிறார். ராணியானபோது அவளுக்கு வயது 75 என்றும் ஒரு பழைய விளக்கம் உண்டு! என்னைப் போன்றவர்களுக்குச் சந்தோஷமான செய்தி. ஆனால் வஸ்தி விஷயத்தில் அவர்கள் என்னைப் போலவேதான். அவளைப் பொல்லாதவளாக்கினார்கள். தோல் வியாதி வந்ததால்தான் சபைக்கு வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். வர விருப்பமில்லை என்பதே ஒரு காரணம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

1492இல் ஸ்பெயினில் யூதர்களை வெளியேற்றினார்கள். 1497இல் போர்ச்சுகலில் கட்டாய ஞானஸ்நானம். வெளியே கிறிஸ்தவர்களாகவும் வீட்டுக்குள் யூதர்களாகவும் வாழ்ந்த குடும்பங்கள் எஸ்தரைத் தங்களில் ஒருத்தியாகப் பார்த்தன. அவளும் அரண்மனையில் தன் குலத்தைச் சொல்லாமல் இருந்தவள்தானே. 'புனித எஸ்தர்' என்றே அழைத்தார்கள். பூரீம் என்றால் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை ஆட்டிக் காலைத் தட்டிச் சத்தம் போட வேண்டும். ஒளிந்து வாழ்கிறவர்களால் அது முடியுமா? அவர்கள் எஸ்தரின் உபவாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டினி கிடப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

1689இல் பிரான்சில் ஒரு பெண்கள் பள்ளிக்காக ரசீன் எஸ்தர் நாடகம் எழுதினார். மாணவிகளே நடித்தார்கள், 14ஆம் லூயி ராஜாவே வந்து பார்த்தார். பார்த்தவர்களோ எஸ்தர் ராஜாவின் இப்போதைய மனைவி, வஸ்தி பழைய காதலி என்று கிசுகிசுத்தார்கள்.

அமெரிக்காவில் கதை திசை மாறுகிறது. அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த ஆஞ்சலினா கிரிம்கே, தென்மாநிலப் பெண்களுக்கு 1836இல் எழுதிய அறிக்கையில், உங்களில் எஸ்தர் இல்லையா என்று கேட்டார். 1838இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் அடிமை முறைக்கு எதிராகப் பேசியபோதும் எஸ்தரைத்தான் நினைவுபடுத்தினார். அங்கே எஸ்தர் பணிவுக்கு உதாரணம் இல்லை, வாய் திறப்பதற்கு உதாரணம். எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் தோழிகளும் வெளியிட்ட 'பெண்களின் வேதாகமம்' இரண்டாம் பாகம் 1898இல் வந்தது. அதில் வஸ்திக்குப் பாராட்டு.

என் மாணவி பின் பெஞ்சில் இருந்து கேட்டது அதே கேள்விதான். அவளுக்கு அப்போது 13 வயது.

நான் எழுதிய அந்த இரண்டு பக்கக் கணக்கே தப்பு பிள்ளைகளே. வஸ்தி கூப்பிட்டும் வரவில்லை. எஸ்தர் கூப்பிடாமலே போனாள். இரண்டு பேரும் ராஜாவின் சொல்லை மீறினவர்கள்தான். (கடைசியில் யூதர்கள் 75,000 எதிரிகளைக் கொன்றதாக வருவதையும் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. மணி அடித்துவிட்டது என்று முடித்துவிடுவேன்.)

இதையெல்லாம் எழுதி முடித்தபோது எனக்கு உறுத்தியது வேறொன்று. சும்மா இருக்கப் பார்த்த எஸ்தருக்கு மொர்தெகாய் சொல்லி அனுப்புகிறார்: நீ இப்போது பேசாமல் இருந்தால் உதவி வேறு வழியாக வரும், ஆனால் இந்த நேரத்துக்காகத்தான் நீ அந்த இடத்தில் இருக்கிறாயோ என்னவோ.

அந்த வருடம் மே மாதம் இவளுடைய அப்பா டி.சி. வாங்க வந்தார். எங்கள் பள்ளியில் எழுத்தர் கிடையாது, நான்தான் எழுதுவேன். "ஒன்பதாவதுக்கு எந்த ஸ்கூல்?" என்றேன். "இனி எதுக்கு டீச்சர், பீடி சுத்தட்டும்" என்றார். அவள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னோடு ஒரே கோயிலுக்கு வருகிறவர். ஹெட்மாஸ்டர் பக்கத்து அறையில் இருந்தார். நான் நாலு எட்டு நடந்து போயிருக்கலாம். எனக்கு உயிர் போகிற சட்டம் எதுவும் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு டி.சி.யைக் கொடுத்தேன்.

புது நோட்டை அவளுக்கு அனுப்பினேன். கடைசியில் இதையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது: "அந்தக் கேள்வி எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர். டி.சி. வாங்குன நாள் ஞாபகம் இருக்கு. நீங்க பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தீங்க. ஏதோ சொல்லப் போறீங்கன்னு நெனைச்சேன்."

பிற்பாடு அவள் பீடி சுற்றிக்கொண்டே பிரைவேட்டாகப் பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணினாள். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அவள் அனுமதி தந்ததால் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

போன ஞாயிறு அவள் பாடம் நடத்தினாள். வஸ்தியைப் பற்றிப் பிள்ளைகள் நிறையக் கேட்டார்களாம். "யாரையும் உட்காரச் சொல்லல டீச்சர்" என்று எழுதியிருந்தாள்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். மே மாதம் டி.சி. எழுதும்போது, அடுத்து எந்தப் பள்ளி என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்