ஃப்ளாஷ் பிராக்கெட்டும் பாப்பாவின் கண்ணும்

1/ மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. கேமரா பத்தி ஒரு நீண்ட த்ரெட். ஃப்ளாஷ் பிராக்கெட்னு ஒரு பழைய காலத்து சாமான் பத்தி. ஆனா இது கடைசியில் ஒரு குழந்தையின் கண்ணில் போய்த்தான் முடியும். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிறவங்க பொறுமையா முழுசும் படிங்க.

2/ 80, 90களில் கல்யாணம் பண்ணினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். போட்டோகிராபர் கேமராவுக்கு இடது பக்கம் ஒரு கைப்பிடி, அதன் தலையில் பெரிய ஃப்ளாஷ், இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருள் வயர். கேமராவின் அடியில் ‘ட’ எழுத்து மாதிரி வளைஞ்ச ஒரு பட்டை, ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கும். அந்தப் பட்டைதான் பிராக்கெட். வேலை ஒண்ணுதான்: ஃப்ளாஷை லென்ஸை விட்டுத் தள்ளி வைக்கிறது.

3/ இது இன்னும் பழசு. 1940களில் அமெரிக்கப் பத்திரிகை போட்டோகிராபர்கள் கையில் இருந்த கிராஃப்ளெக்ஸ் கேமராக்களிலும் பக்கவாட்டில் இப்படி ஒரு ஃப்ளாஷ் கைப்பிடி உண்டு. 1977ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக் கையில் பிடிச்சிருக்கிற ஒளிவாளின் பிடி, அந்தக் கிராஃப்ளெக்ஸ் கைப்பிடியை வச்சு செஞ்சதுதான். அடுத்த தடவை படம் பார்க்கும்போது கவனிங்க.

4/ எனக்கு இதைக் கத்துக்கொடுத்தவர் எங்க ஊர் ஸ்டூடியோ அண்ணாச்சி. மெடிக்கல் காலேஜ் லீவில் அவர் கடையே கதின்னு கிடப்பேன். மெட்ஸ் 45 ஃப்ளாஷ் வச்சிருந்தார். ஒரு ரோலுக்கு 36 படம். எடுத்தது சரியா தப்பான்னு ரோல் கழுவி பிரிண்ட் போட்ட பிறகுதான் தெரியும். தாலி கட்டுறதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. அதனால் வெளிச்ச விஷயத்தில் அவரிடம் விளையாட்டே கிடையாது.

5/ பிராக்கெட் எதுக்கு? முதல் காரணம் நிழல். ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையும் பொண்ணும் நிற்கிறாங்க. போட்டோகிராபர் கேமராவைச் செங்குத்தா திருப்புறார். கேமரா தலையில் இருந்த ஃப்ளாஷும் கூடவே திரும்பிப் பக்கவாட்டுக்குப் போயிடும். உடனே ஒவ்வொருத்தர் காதுக்குப் பக்கத்திலும் பின்னாடி திரையில் கருப்பா ஒரு நிழல் விழும். எத்தனையோ ஆல்பத்தில் பார்த்திருப்பீங்க.

6/ ஃப்ளாஷ் எப்பவும் லென்ஸுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தா நிழல் ஆளுக்குப் பின்னாடி கீழே இறங்கி, உடம்பிலேயே மறைஞ்சிடும். கேமராவை எப்படித் திருப்பினாலும் ஃப்ளாஷை மேலேயே நிறுத்துற பிராக்கெட்டும் உண்டு. கூடவே ஆட்களைத் திரையை விட்டு நாலைந்து அடி முன்னால் நிறுத்தணும். குடை லைட், லைட் பிடிக்க ஒரு பையன் எதுவும் தேவையில்லை. கூட்டத்துக்குள்ள தனியாளா புகுந்து புறப்படலாம்.

7/ இரண்டாவது காரணம் சிவப்புக் கண். மண்டபம் கொஞ்சம் இருட்டா இருந்தா நம்ம கண்ணின் பாப்பா நல்லா விரிஞ்சிருக்கும். ஃப்ளாஷ் வெளிச்சம் அது வழியா உள்ளே போய், விழித்திரையையும் அதுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் நிறைஞ்ச படலத்தையும் தொட்டு, சிவப்பா திரும்பி வரும். எந்த வழியா போச்சோ கிட்டத்தட்ட அதே வழியாத்தான் திரும்பும். லென்ஸ் அந்த வழியில் நின்னா படத்தில் கண் சிவப்பு.

8/ ஃப்ளாஷைத் தள்ளி வச்சிட்டா? திரும்புற வெளிச்சம் ஃப்ளாஷைத் தேடிப் போயிடும், லென்ஸுக்கு வராது. கண் கருகருன்னு, நடுவில் ஒரு சின்ன ஒளிப்பொட்டோட அழகா வரும். அண்ணாச்சி கணக்கு: “அடிக்கு ஒரு இஞ்சு தம்பி. ஆள் எட்டு அடியில நின்னா ஃப்ளாஷ் எட்டு இஞ்சு தள்ளி இருக்கணும்.” கோணமா மாத்தினா கிட்டத்தட்ட 5 டிகிரி. போனில் ஃப்ளாஷும் லென்ஸும் ஒரு விரல் அகலத்துக்குள்ள இருக்கு. அதே எட்டு அடியில் அரை டிகிரிகூட வராது.

9/ இதெல்லாம் எனக்குப் பெருமை. டாக்டர் ஆகி, டிஜிட்டல் கேமரா வாங்கின பிறகும் பிராக்கெட்டை விடலை. “ஆஸ்பத்திரிக்கு ஸ்டெத், விசேஷத்துக்கு பிராக்கெட்”னு வீட்டில் கிண்டல் பண்ணுவாங்க. சொந்தக்காரங்க விசேஷம் எதுவானாலும் போட்டோ நான்தான். போனில் எடுக்கிறவங்களைப் பார்த்தா உள்ளுக்குள்ள ஒரு இளக்காரம் உண்டு. அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

10/ 2018. என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பாப்பாவுக்கு 11 மாசம். (இனி வர்றதை தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். “எழுதுண்ணா, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்”னு அவதான் சொன்னா.) குலதெய்வக் கோவில் பக்கத்து மண்டபம். ஜன்னல் குறைச்சல், காலையிலேயே இருட்டு. பிராக்கெட்டுக்கு ஏத்த இடம். அன்னைக்கு 300 படத்துக்கு மேல எடுத்தேன்.

11/ ஒரு பத்து நிமிஷம் மட்டும் கேமரா என் கையில் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வச்சுத்தானே காது குத்தணும்? கேமராவை நாற்காலியில் வச்சிட்டு பாப்பாவை மடியில் வாங்கி உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி, மச்சானோட தம்பி போனை நீட்டி, ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தார். பாப்பா நேரா போனைப் பார்த்தா.

12/ ராத்திரி அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்துச்சு. நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். மடியில் பாப்பா. அவளோட வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை. பூனைக் கண்ணில் லைட் அடிச்ச மாதிரி ஒரு பளபளப்பு. தங்கச்சி கேட்டா: “அண்ணா, பாப்பா கண்ணு ஏன் இப்படி இருக்கு?”

13/ நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? “போன் ஃப்ளாஷ்மா. லென்ஸுக்கு ஒட்டியே இருக்குல்ல, அப்படித்தான் வரும். நான் எடுத்ததைப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு.” கூடவே ஒரு சிரிப்பு பொம்மை. எம்.பி.பி.எஸ். படிச்சவன் பதில் இது. அவளும் அண்ணன் டாக்டராச்சேன்னு நம்பிட்டா.

14/ மூணு வாரம் கழிச்சு இன்னொரு படம் வந்துச்சு. ராத்திரி தொட்டிலில் பாப்பா சிரிக்கிறதை தங்கச்சியே எடுத்தது. அதே இடது கண், அதே வெள்ளை. கீழே ஒரே வரி: “இதுவும் ஃப்ளாஷ்தானாண்ணா?” அப்போதான் எனக்கு வயித்தைப் புரட்டிச்சு. கண் மருத்துவப் பாடத்தில் படிச்சது எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகத்துக்கு வந்துச்சு.

15/ அன்னைக்கு ராத்திரி காதுகுத்துப் படங்கள் அத்தனையும் திறந்து, பாப்பா முகத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில்கூட எதுவும் இல்லை. எல்லாத்திலும் இரண்டு கண்ணும் கருகருன்னு, அழகா, ஒரே மாதிரி. கண்ணுக்குள்ள இருந்து வந்த வெளிச்சத்தை என் பிராக்கெட் லென்ஸுக்கு வரவிடாம பண்ணிடுச்சு. அதுக்குத்தானே அது இருக்கு? நான் மட்டமா நினைச்ச போன்தான் கண்ணுக்குள்ள பார்த்திருக்கு.

16/ யோசிச்சா இது கண் டாக்டர்களோட பழைய வித்தைதான். 1851ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆஃப்தல்மாஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். உயிருள்ள மனுஷனோட கண்ணுக்குள்ள பார்க்க வழி அதில்தான் பிறந்தது. அதோட ரகசியம், வெளிச்சமும் பார்க்கிறவர் பார்வையும் ஒரே கோட்டில் இருக்கிறது. பிராக்கெட் அந்தக் கோட்டை உடைக்குது. போன் தெரியாமலே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்குது.

17/ மறுநாள் விடியக்காலை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அறையை இருட்டாக்கி, ஒரு கை தூரத்திலிருந்து ஆஃப்தல்மாஸ்கோப் அடிச்சுப் பார்த்தேன். வலது கண்ணில் நல்ல ஆரஞ்சு சிவப்பு. இடது கண்ணில் சாம்பல் கலந்த வெள்ளை. தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. “கிளம்புமா, இப்பவே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்”னு மட்டும் சொன்னேன்.

18/ ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வர்ற புற்றுநோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வரும். பெரும்பாலும் ஐந்து வயசுக்குள்ள. கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிச்சு நல்ல சிகிச்சை கொடுத்தா, 95 சதவீதத்துக்கு மேல உயிர் பிழைக்கிறாங்க. சின்னதா இருக்கும்போதே வந்தா லேசர், கீமோன்னு கண்ணையும் பார்வையையும்கூட காப்பாத்தலாம். கண்ணைத் தாண்டி வெளியே பரவிட்டா கதை வேற.

19/ பாப்பாவுக்குக் கட்டி பெருசு. அந்தக் கண்ணில் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. கண்ணை எடுத்தாங்க. பரிசோதனையில் பார்வை நரம்பு வரைக்கும் பரவலைன்னு வந்துச்சு. வலது கண் சுத்தம். அந்த டாக்டரம்மாகிட்ட தனியா கேட்டேன்: “அந்த மூணு வாரம்?” அவங்க சொன்னாங்க: “இந்த அளவு கட்டி பல மாசமா வளர்ந்தது. மூணு வாரத்தில் முடிவு மாறியிருக்காது. ஆனா அடுத்த தடவை மூணு நாள்கூட காத்திருக்காதீங்க சார்.”

20/ இப்போ நீங்க செய்ய வேண்டியது. போன் கேலரியில் குழந்தையின் ஃப்ளாஷ் படங்களைப் பாருங்க. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவப்பா வந்தா நல்ல விஷயம். ஒண்ணில் வெள்ளை அல்லது மஞ்சள், அல்லது ஒண்ணு சிவப்பு இன்னொண்ணு மங்கல்னு இருந்தா, குழந்தையைக் கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. சொட்டு மருந்து போட்டு, பாப்பாவை விரிய வச்சு, விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்க. புதுசா வந்த மாறுகண் இருந்தாலும் இதே கதைதான்.

21/ பயந்துடவும் வேண்டாம். குழந்தை கொஞ்சம் மூக்குப் பக்கமா பார்க்கும்போது, ஃப்ளாஷ் வெளிச்சம் பார்வை நரம்பு தொடங்குற வட்டத்தில் நேரா பட்டா நல்ல கண்ணும் வெள்ளையா வரும். பிறவிக் கண்புரை, குறைப்பிரசவக் குழந்தைகளின் விழித்திரைக் கோளாறு, கோட்ஸ் நோய் இவற்றாலும் வரும். எல்லாம் புற்றுநோய் இல்லை. ஆனா எது எதுன்னு முடிவு பண்ண வேண்டியது கண் டாக்டர். நீங்களோ, குரூப்பில் இருக்கிற மாமாவோ இல்லை.

22/ அதே மாதிரி, படத்தில் ஒண்ணும் தெரியலைன்னா நோய் இல்லைன்னும் அர்த்தம் இல்லை. கட்டி ஓரமா இருந்தா படத்தில் சிக்காது. இப்போ போன்கள் இருட்டிலும் ஃப்ளாஷ் இல்லாமலே எடுத்துடுது. சிவப்புக் கண்ணைத் தானா அழிக்கிற வசதியும் சில கேமராவில் உண்டு. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷா, தன் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு பழைய குடும்பப் படங்களைத் தோண்டிப் பார்த்தார். நோய் தெரிய வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே படங்களில் அந்த வெள்ளை இருந்துச்சு. அதிலிருந்து பிறந்ததுதான் ‘வைட் ஐ டிடெக்டர்’ ஆப். அது டாக்டருக்கு மாற்று இல்லை, ஒரு எச்சரிக்கை மணி மட்டும்தான்.

23/ விசேஷ போட்டோ எடுக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பிராக்கெட்டை விடாதீங்க, அது நல்ல சாமான். ஆனா பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் நாலு படம் போனில் ஃப்ளாஷ் போட்டு, குழந்தை நேரா பார்க்கும்போது எடுத்துப் பாருங்க. கண்ணில் வித்தியாசம் தெரிஞ்சா அதை கம்ப்யூட்டரில் கருப்படிச்சு ஆல்பம் போட்டுடாதீங்க. பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்யாண வீட்டில் சொல்லத் தயக்கமா இருக்கும்தான். மறுநாள் போன் பண்ணியாவது சொல்லுங்க.

24/ பாப்பா இப்போ பள்ளிக்கூடத்தில் படிக்கிறா, வாய் ஓயாம பேசுறா. இடது கண் செயற்கைக் கண். நேரில் பார்த்தா சட்டுன்னு தெரியாது. போன் ஃப்ளாஷில்தான் தெரியும். வலது கண் சிவப்பா வரும், செயற்கைக் கண் சிவக்காது. ஒரு பிறந்தநாளில் படத்தைப் பார்த்துட்டு அவளே கேட்டா: “மாமா, எனக்கு மட்டும் ஏன் ஒரு கண்ணு இப்படி வருது? நீங்க எடுத்தா வர மாட்டேங்குதே?”

25/ அவளுக்குப் புரியுற மாதிரி சொன்னேன். காதுகுத்துக்குப் பிறகு அலமாரிக்குள்ள போட்டு வச்சிருந்த பிராக்கெட்டை அன்னைக்குத்தான் வெளியே எடுத்தேன். இப்போ அவளோட பிறந்தநாள், ஆண்டுவிழா படம் எல்லாம் அதில்தான். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வரும். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அறையை இருட்டாக்கி, போன் ஃப்ளாஷில் வலது கண்ணை எடுத்துப் பார்ப்பேன். ஆஸ்பத்திரி செக்கப் தனியா நடக்குது. இது மாமனோட மன நிம்மதிக்கு.

26/ அவ்வளவுதான் மக்களே. யாராவது ஒரு அம்மா குழந்தை படத்தைக் காட்டி “கண்ணு ஏன் இப்படி இருக்கு?”ன்னு கேட்டா, தயவுசெய்து “ஃப்ளாஷ்தான்”னு சொல்லி அனுப்பிடாதீங்க. நான் சொன்னேன். இன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக் குழந்தையின் படங்களை ஒரு தடவை பெருசாக்கிப் பாருங்க. குடும்ப குரூப்பிலும் இதைப் போட்டு விடுங்க.