பத்தாயத்து நெல்லும் ஒரு சமையல் புத்தகமும்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல், அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரசுவதி மகால் நூலகத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். 1918-ம் ஆண்டிலிருந்து பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் நூலகம் இது. இங்குள்ள ஓலைச்சுவடிகளிலும் காகிதச் சுவடிகளிலும் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) சேர்த்தவை ஏராளம். மருத்துவம், இசை, நாடகம் மட்டுமல்ல. அரண்மனைச் சமையல் பற்றிய குறிப்புகளும் உண்டு. 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற பெயரில் அது புத்தகமாகவும் வந்திருக்கிறது.

1855 வரை மராட்டியர் ஆண்ட ஊர் இது. அவர்கள் போன பிறகும் அவர்களுடைய சமையல் இங்கேயே தங்கிவிட்டது. நம்மூர்க் கல்யாணப் பந்திகளில் பரிமாறும் கத்தரிக்காய் ரசவாங்கியே அதற்குச் சாட்சி. மராத்தியில் கத்தரிக்காய்க்கு 'வாங்கி' என்றுதான் பெயர்.

தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். தை மாதம் போனால் இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு விவசாயி வீட்டில் ரசவாங்கி சாப்பிட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்குக் கல்யாணச் சீரோடு வந்த புத்தகம், எஸ்.மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. 1951-ல் முதல் பாகம் வெளிவந்த நாளிலிருந்து, தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்களுக்குப் புகுந்த வீட்டில் துணையாக இருந்த புத்தகம் அது. அந்த வீட்டுப் பிரதியில் அட்டை போய்விட்டது. ஓரங்களில் 'தைக் கத்தரிக்குப் புளி குறைவு' என்பதுபோல் பென்சில் குறிப்புகள்.

நாலு பேருக்கு அவர் எடுத்த அளவு இது. பிஞ்சுக் கத்தரிக்காய் கால் கிலோ, துவரம்பருப்பு அரை ஆழாக்கு, சிறிய எலுமிச்சை அளவு புளி. தனியா இரண்டு ஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு ஸ்பூன், மிளகாய் வற்றல் நான்கு ஆகியவற்றை எண்ணெயில் வறுத்து, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் சேர்த்து அரைத்துக்கொண்டார். கத்தரிக்காயைப் புளித்தண்ணீரில் மஞ்சள்தூள், உப்போடு வேகவிட்டு, வெந்த பருப்பையும் அரைத்த விழுதையும் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவிட்டார். கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இறக்கினார்.

சோறு உதிரி உதிரியாக இருந்தது. கேட்டதற்குச் சிரித்தார். "அளவெல்லாம் புஸ்தகத்துல இருக்கு தம்பி. அரிசி நம்ம பத்தாயத்துலதானே இருக்கணும்!"

சோற்றுப் பக்குவத்தின் சூட்சுமம் அதுதான். அறுத்த உடனே அரைத்த புது அரிசி குழையும். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பு வைத்த நெல்லின் அரிசி தண்ணீரைக் கூடுதலாக இழுக்கும். ஒட்டாது, சோறும் கூடுதலாகக் காணும்.

டெல்டாவில் இன்று பல வீடுகளில் பத்தாயம் காலியாகக் கிடக்கிறது. அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. மூட்டை மூட்டையாக நெல் விளைவித்த குடும்பம், சோற்றுக்குக் கடையில் அரிசிப் பை வாங்குகிறது. கடன் நெருக்கும்போது நெல்லை வைத்திருக்க யாராலும் முடியாது என்பதும் உண்மைதான்.

இந்தக் குடும்பம் கண்ட வழி சிறியது. விற்பனைக்கு வழக்கமான ரகம். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மாவில், அதாவது 33 சென்ட்டில், தூயமல்லி. தோராயமாக 60 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டை கிடைக்கிறது. 300 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 195 கிலோ அரிசி. நாளுக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். நாலு பேருக்கு ஒரு வேளைச் சோறு வருடம் முழுக்க உறுதி.

விதைக்கும் வழி இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், மறைந்த 'நெல்' ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பர்ய விதைநெல் வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது முறை. அப்படிக் கைமாறித்தான் பல ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன.

இருப்பு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. கொள்முதல் நிலையத்துக்கு 17 சதவிகித ஈரப்பதம் போதும். வீட்டு இருப்புக்கு 12-13 சதவிகிதம் வரை காயவைக்க வேண்டும். அரிசியாக வைக்காமல் நெல்லாகவே வைத்து, மாதத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ள வேண்டும். உமி இருக்கும்வரை வண்டுத் தொல்லை குறைவு. நிழலில் உலர்த்திய நொச்சி, வேப்பிலையை நெல்லுக்கு இடையிடையே போட்டு வைக்கலாம்.

உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கென்று நிறுத்திவைக்கும் நெல் ரகம் எது, எத்தனை மாதம் வைக்கிறீர்கள், எந்தக் குழம்புக்கு அது பொருந்துகிறது என்று எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்.