வேர் வேண்டும் காற்று

ஆர்க்கிட் மலரைப் பாராட்டாதவர் சிங்கப்பூரில் இலர். 1981ஆம் ஆண்டில் ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஆர்க்கிட்டின் வேரை உற்று நோக்கியவர் எத்தனை பேர்? எனக்கோ மலரினும் வேரே பெருவியப்பளிப்பது.

ஆர்க்கிட் வகைகளுட் பல, காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்வன. அதனால் அவற்றைப் புல்லுருவியின் இனமென்று கருதுவாரும் உளர். அது தவறு. அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இடம் மட்டுமே பெறுகின்றன. மழைநீரைப் பற்றிக்கொள்ள அவற்றின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறையொன்று அமைந்துள்ளது. உலர்ந்த நிலையில் அது வெள்ளி நிறமாய்த் தோன்றும். நனைந்ததும் உள்ளிருக்கும் பசுமை வெளித்தெரியும். நீரூற்றும் வேளையை வேரே நமக்கு அறிவித்துவிடுகிறது!

எங்கள் அடுக்குமாடியில் வாழும் மூதாட்டி ஒருவர், வெளிநாடு சென்ற மகன் வாங்கித் தந்த டென்ட்ரோபியச் செடியை, மெருகிட்ட சாடியில் கருமண் நிரப்பி நட்டிருந்தார். இலை வாடியது. தாகமென்று எண்ணி மேலும் நீரூற்றினார். மகனையே பேணுவதுபோல் அதனைப் பேணியவர், ஒருநாள் கலங்கிய கண்களுடன் என்னை அழைத்தார். செடியை எடுத்துப் பார்த்தேன். வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. மூன்று மட்டுமே உறுதியாக இருந்தன.

அழுகியவற்றை நறுக்கிவிட்டு, பக்கங்களில் துளையுள்ள சிறு மண்சட்டியில், கழுவிய மரக்கரித் துண்டுகளையும் உடைந்த செங்கல்லையும் இட்டு நட்டோம்.

“மண்ணே இல்லாமல் செடி எப்படித் தம்பி பிழைக்கும்?” என்றார்.

பிழைக்கும். மண் காற்றை அடைத்துவிடும். கரித்துண்டுகளின் இடுக்கிலோ நீர் வடியும், காற்று உலவும். தேங்காய் மட்டையும் பயன்படும். ஆனால் அது ஈரத்தை நெடுநேரம் தேக்கும், ஓரிரு ஆண்டுகளில் மக்கும். மழைச்சாரல் விழும் தாழ்வாரத்திற்கு நான் அதனைப் பரிந்துரையேன். மண்சட்டியின் சுவர் ஈரத்தை வெளிவிடும், பிளாஸ்டிக் விடாது. செடி சிறிதெனில் சட்டியும் சிறிதாகவே இருத்தல் நலம். பெரிய சட்டி எளிதில் உலர்வதில்லை. தொங்கும் வாண்டாவிற்கோ மரச்சட்டங்களாலான கூடையே போதும். உள்ளே எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. அடித்தட்டு வைப்பதையும் தவிர்க்க வேண்டும். அதில் தேங்கும் நீர் வேருக்குக் கேடு. டெங்கிக் கொசுவுக்கோ தொட்டில்.

சில வாரங்களில் புதுவேரொன்று பச்சை நுனியுடன் சட்டியின் வெளிப்புறம் படர்ந்தது. அதனை உள்ளே திணிக்க முயன்ற மூதாட்டியைத் தடுத்தேன். இப்பொழுது அவர் காலைதோறும் அந்த வேரின் நிறம் பார்த்த பின்னரே நீரூற்றுகிறார். பூ இன்னும் வரவில்லை.