பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

கூட்டத்துக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே அறிக்கைகள் பொதுப் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். எங்கள் கமிட்டிக்கு வரும் கட்டு சில தடவை 200 பக்கத்தைத் தாண்டும். லண்டன் புறநகர் கவுன்சில் ஒன்றில், பிள்ளைகளின் பாதுகாப்புப் பணிகளையும் மனநலச் சேவைகளையும் கண்காணிக்கும் ஸ்க்ரூட்டினி கமிட்டியில் கவுன்சிலராக இருக்கிறேன். திட்டம் தீட்டுவதும் பணம் ஒதுக்குவதும் கேபினட்டின் வேலை. எங்களுக்கு உள்ளது கேள்வி கேட்கும் உரிமை. அந்த உரிமையை ஒழுங்காகக் கையாளப் பழகுவதற்கே வருடங்கள் பிடிக்கின்றன. பழகியதில் சிலவற்றை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இங்கிலாந்தின் பெரும்பாலான கவுன்சில்களில் வேலையை இரண்டாகப் பிரித்தது. தலைவரும் கேபினட்டும் நிர்வாகம் செய்வார்கள். மற்றக் கவுன்சிலர்கள் அந்த நிர்வாகத்தைச் சோதிப்பார்கள். 2003 முதல் அந்தச் சோதனை தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ். வரை நீண்டது. பிள்ளைப் பாதுகாப்பு கவுன்சிலின் சட்டக் கடமை. பிள்ளைகளின் மனநலச் சேவையை, இங்கே எல்லோரும் ‘கேம்ஸ்’ என்று சொல்வதை, பெரும்பாலும் என்.எச்.எஸ். டிரஸ்டுகள் நடத்துகின்றன. ஆனால் வீட்டில் அடி வாங்குகிற பிள்ளையும் இரவில் தூங்க முடியாமல் தன் கையைக் கீறிக்கொள்கிற பிள்ளையும் பல நேரங்களில் ஒரே பிள்ளைதான். இரண்டு பக்கத்து அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பொதுமக்கள் பார்க்க, பதில் கேட்கும் இடம் எங்கள் கமிட்டி. நாங்கள் பரிந்துரை கொடுத்தால் கேபினட் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். என்.எச்.எஸ். அமைப்புகளிடம் பதில் கோரினால் 28 நாள். உத்தரவு போட எங்களால் முடியாது.

உத்தரவு போட முடியாத கமிட்டியால் என்ன பயன் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் விக்டோரியா க்ளிம்பியேயைப் பற்றித்தான் சொல்வேன். ஐவரி கோஸ்ட்டில் பிறந்து, நல்ல படிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தகப்பனின் அத்தையோடு அனுப்பப்பட்டு, 1999-இல் லண்டன் வந்த சிறுமி. 2000 பிப்ரவரி 25 அன்று, எட்டு வயதில், சித்திரவதைக் காயங்களோடு இறந்தாள். ஈலிங், பிரென்ட், ஹாரிங்கே, என்ஃபீல்ட் என நான்கு கவுன்சில்களின் சமூக சேவைத் துறைகளும் இரண்டு மருத்துவமனைகளும் போலீசின் இரண்டு பிள்ளைப் பாதுகாப்புப் பிரிவுகளும் அவளை அறிந்திருந்தன. லார்ட் லேமிங் 2003-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்களை எண்ணிக் காட்டியது. மேலே இருந்தவர்கள் பொறுப்பைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்பதையும் அது மறைக்காமல் சொன்னது. அதன் விளைவாக வந்த 2004-ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம், ஒவ்வொரு பெரிய கவுன்சிலிலும் பிள்ளைகளுக்கென ஓர் இயக்குநரும் ஒரு கேபினட் உறுப்பினரும் பெயர் குறித்துப் பொறுப்பேற்க வேண்டும் என்று வைத்தது. அந்த நான்கு கவுன்சில்களில் சில, நம் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடங்கள். அந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

கமிட்டி தூங்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ராதரம் நகரில் 1997-க்கும் 2013-க்கும் இடையில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாகப் பேராசிரியர் அலெக்ஸிஸ் ஜே 2014-இல் கணக்கிட்டார்; அதுவே குறைத்து மதிப்பிட்ட தொகை என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு அந்நகரின் கவுன்சிலைப் பற்றி லூயிஸ் கேஸியின் அறிக்கை வந்தது. கவுன்சிலர்களின் கண்காணிப்பு பலவீனமாக இருந்ததை அது எடுத்துக்காட்டியது. அரசாங்கம் ஆணையர்களை அனுப்பிக் கவுன்சிலை அவர்கள் கையில் ஒப்படைத்தது. ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட அவலங்களை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸும் 2013-இல் உள்ளூர் ஸ்க்ரூட்டினி கமிட்டிகளைக் கண்டித்தார். கூட்டங்கள் நடந்தன, அறிக்கைகள் வாசிக்கப்பட்டன, குறித்துக்கொள்ளப்பட்டன. ஊடுருவிக் கேட்க ஆள் இல்லை.

ஆகவே முதல் பழக்கம், அறிக்கையை வாசிக்கும் முறை. பிள்ளைகள் துறையின் காலாண்டு அட்டவணையில் எல்லாம் சதவீதமாக வரும். ஒரு பிள்ளையைப் பற்றிய மதிப்பீடு 45 வேலை நாளில் முடிய வேண்டும். ஆபத்து என்று தெரிந்து துறைகள் கலந்து பேசிய நாளிலிருந்து 15 வேலை நாளுக்குள் பாதுகாப்பு மாநாடு கூட வேண்டும். இலக்கைத் தொட்டால் பச்சை, தவறினால் சிவப்பு. கண் தானாகவே சிவப்புக்கு ஓடும். நான் பச்சையைத்தான் முதலில் வாசிக்கிறேன். பத்தில் ஒன்பது மதிப்பீடு நேரத்துக்கு முடிந்தது என்றால், முடியாத அந்த ஒன்று யாருடையது? சின்னக் குழந்தைகளா, மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளா, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட குடும்பங்களா? எல்லா வகையிலும் சிதறிக் கிடந்தால் அது வேலைப் பளு. ஒரே வகையில் குவிந்திருந்தால் அந்த வகைப் பிள்ளைகளைக் கவுன்சில் கைவிடுகிறது என்று அர்த்தம்.

வீட்டை விட்டு ஓடிப்போய்த் திரும்பிய பிள்ளையோடு 72 மணி நேரத்துக்குள் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி. பேசுவதற்கு அழைப்பு விடுத்த கணக்கும் பேசி முடித்த கணக்கும் வேறு வேறு. அட்டவணையில் எது இருக்கிறது என்று அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் தெரியும். நல்ல சதவீதம் ஒன்று வந்தால் நான் உடனே அடிக்குறிப்புக்குப் போய்விடுவேன்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்லாத எண்களும் உண்டு. ஒரு சமூகப் பணியாளரின் கையில் எத்தனை பிள்ளைகள், ஏஜென்சி மூலம் வந்தவர்கள் எத்தனை பேர், ஒரு வருடத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பவை மூன்று வெவ்வேறு பக்கங்களில் இருக்கும். மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: நம் பராமரிப்பில் உள்ள ஒரு பிள்ளைக்குக் கடந்த இரண்டு வருடத்தில் சமூகப் பணியாளர் எத்தனை தடவை மாறினார்? ஒவ்வொரு மாற்றத்திலும் அந்தப் பிள்ளை தனக்கு நடந்ததைப் புதிய முகத்திடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிச் சொல்லிக் களைத்த பிள்ளை ஒரு கட்டத்தில் சொல்வதையே நிறுத்திவிடும்.

இரண்டாவது, கடிகாரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. மனநலச் சேவையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. பள்ளியோ குடும்ப மருத்துவரோ பிள்ளையைக் கேம்ஸுக்கு அனுப்பிய நாளில் காத்திருப்புக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பல இடங்களில் முதல் சந்திப்பு நடந்ததும் கணக்கில் அது நின்றுவிடுகிறது. முதல் சந்திப்பு என்பது பெரும்பாலும் விசாரிப்பு. சிகிச்சை அதற்குப் பிறகு, இன்னொரு வரிசையில். அந்த இரண்டாவது வரிசை எவ்வளவு நீளம் என்று நாம் கேட்காவிட்டால், அது அறிக்கையில் வருவதே இல்லை.

இதற்கு முன்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எங்கள் கமிட்டியில் ஒருமுறை காத்திருப்போர் பட்டியல் நன்றாகக் குறைந்திருப்பதாக அறிக்கை வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என்னுடைய தொகுதி ஆலோசனை நேரத்துக்கு யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர், பன்னிரண்டு பதின்மூன்று வயது மகளோடு வந்திருந்தார். உறையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். “அக்கா, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. பிள்ளையிட்டைக் கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறாள்.” கேம்ஸிலிருந்து வந்த கடிதம். சேவை வேண்டுமென்றால் குறித்த நாளுக்குள் தொடர்புகொண்டு உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பத்தை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தது. நாள் கடந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் தாய்க்கு வாசித்துச் சொல்பவள் அந்த மகள்தான். தன்னைப் பற்றி வந்த கடிதத்தையும் அவளே வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தாயின் கண்ணில் நீர் வரக்கூடாது என்று நினைத்த பிள்ளை வேறு என்ன சொல்லியிருப்பாள்?

அந்தக் குடும்பத்துக்கு வேண்டியதைத் தாயின் ஒப்புதலோடு தனியாகச் செய்தேன். கமிட்டியில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் கூடாது. தனி ஒரு வழக்கை விசாரிப்பது ஸ்க்ரூட்டினியின் வேலை இல்லை. ஒரு பிள்ளைக்கு நடந்தது இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு நடக்கிறது என்று கேட்பதே அதன் வேலை. கூட்டத்தில் நான் கேட்டது இதுதான்: பட்டியலிலிருந்து போனவர்களில், யாரும் நேரில் பாராமலே பெயர் நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு அதிகாரியின் கையில் இல்லை. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார், கொண்டும் வந்தார். அதன் பிறகு எங்கள் பரிந்துரைகள் எளிமையாக இருந்தன. பதில் வராத கடிதத்துக்குப் பின்னால் ஒரு தொலைபேசி அழைப்புப் போக வேண்டும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரோடு. பிள்ளையைத் தாய்தகப்பனுக்கு மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாது. விண்ணப்பத்தை மூடுமுன் அனுப்பிய பள்ளிக்கோ மருத்துவருக்கோ சொல்ல வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லாத மூன்று காரியங்கள்.

மூன்றாவது, கேட்கும் தொனி. 2007-இல் ஹாரிங்கேயில் பீட்டர் கானெலி என்ற குழந்தை கொல்லப்பட்ட வழக்கு அடுத்த ஆண்டு வெளியே வந்தபோது, சமூகப் பணியாளர்கள் மேல் பத்திரிகைகள் பாய்ந்தன. அந்தப் பயம் இந்தத் தொழிலை விட்டு இன்னும் போகவில்லை. பயந்த அதிகாரி உண்மையைச் சொல்ல மாட்டார். பாதுகாப்பான வாக்கியத்தைச் சொல்வார். அதனால் கேள்வியை ஒற்றை வாக்கியத்தில், கோபமில்லாமல் கேட்க வேண்டும். பதில் தெளிவில்லை என்றால் அதே கேள்வியை மறுபடி, அதே குரலில் கேட்க வேண்டும். எங்களில் சிலர் கூட்டத்துக்கு முன் கூடி, யார் எதைக் கேட்பது, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எப்படித் தொடர்வது என்று கட்சி பாராமல் பேசிக்கொள்வோம். ஆளுக்கொரு சின்னச் சொற்பொழிவு ஆற்றிக் கலைகிற கமிட்டியில் எந்த அதிகாரிக்கும் சிரமம் இருக்காது.

நான்காவது, அறிக்கைக்கு வெளியே போய்ப் பார்ப்பது. கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குக் கவுன்சிலே பெற்றோர் ஸ்தானம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொறுப்பின் கொள்கைகளை எழுதி வைத்திருக்கிறது. பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்களுக்கு 25 வயதுவரை ஆதரவு உண்டு. அந்தப் பிள்ளைகளின் மன்றத்துக்குப் போய் உட்கார்ந்தால், அட்டவணையில் இடமில்லாத சங்கதிகள் வரும். வீடு மாறும்போது தங்கள் உடுப்பையும் புத்தகத்தையும் கறுப்புக் குப்பைப் பையில் கட்டிக் கொடுத்தார்கள் என்று நாட்டின் பல பகுதிகளிலும் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மன்றத்திலும் அதைக் கேட்டேன். சூட்கேஸ் வாங்குவது யார் பொறுப்பு என்று அடுத்த கூட்டத்தில் கேட்டோம். அப்போது எந்த வரவுசெலவுத் தலைப்பிலும் அது இல்லை; இப்போது இருக்கிறது.

18 வயது என்ற எல்லையையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். பல இடங்களில் அந்தப் பிறந்த நாளோடு கேம்ஸ் முடிகிறது. பெரியவர்களுக்கான மனநலச் சேவையின் வாசற்படி உயரம். பதினேழு வயதில் உதவி பெற்ற பிள்ளை பதினெட்டில் தகுதி பெறாமல் போகலாம். பராமரிப்பிலிருந்து தனி வீட்டுக்குப் போவதும் பெரும்பாலும் அதே வயதில். கேம்ஸும் பராமரிப்பு வீடும் ஒரே நேரத்தில் விலகும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஓர் அலுவலகத்திலாவது இருக்கிறதா என்று நான் வருடந்தோறும் கேட்கிறேன்.

பணம் இல்லை என்ற பதில் பல நேரம் உண்மைதான். 2010-க்குப் பிறகு இளைஞர் மையங்களும் குடும்பங்களுக்கான ஆரம்பக்கட்ட உதவிகளும் நாடெங்கும் வெட்டப்பட்டன. அவசர நிலையில் பிள்ளைகளைத் தங்க வைக்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. எங்களால் பணம் உண்டாக்க முடியாது. ஆனால் வரவுசெலவு வாக்கெடுப்புக்கு முன்னால், இந்த வரியை வெட்டினால் அந்தச் செலவு எந்த வரியில், எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று எழுத்தில் பதில் வாங்க முடியும். வெட்டுகிறவர் அதைத் தெரிந்து வெட்டட்டும். தெரியாமல் செய்ததாகப் பின்னாளில் யாரும் சொல்லக் கூடாது.

இந்தக் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. வந்து உட்காரலாம்; பல கவுன்சில்களில் முன்கூட்டி எழுதிக்கொடுத்துக் கேள்வியும் கேட்கலாம். பள்ளி நிர்வாகக் குழுவில் உள்ள பெற்றோர், கல்வி விஷயங்களில் வாக்குரிமையோடு கமிட்டி உறுப்பினராக முடியும். நம் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி வீட்டுக்குள்ளேயே குரல் தாழ்த்திப் பேசுகிற நமக்கு, பொது மேசையில் அதைப் பேச ஓர் இடம் இருக்கிறது என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாக இந்தக் கமிட்டிக்கு வருகிற கவுன்சிலர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. கேட்ட கேள்வியை, கிடைத்த பதிலை, வந்த வாக்குறுதியைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை முதல் பொருளாகப் போடச் சொல்லுங்கள். செய்து முடித்தார்கள் என்று ஒரு பிள்ளையின் குடும்பத்திடமிருந்தோ ஒரு பள்ளியிடமிருந்தோ உறுதியாகத் தெரியும்வரை அதை நீக்க விடாதீர்கள்.