சத்திரக்காரன் கையில்

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சித்தப்பா போன் பண்ணினால் விஷயம் ஒன்றுதான். "தம்பி, ஒரு இருநூறு வெள்ளி போட்டு விடுப்பா. சம்பளம் வந்ததும் குடுத்துடறேன்."

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷமாகக் கத்தரியால் கொழுந்து வெட்டுகிறவர். அப்பா இறந்த பிறகு, ஸ்கூடாயில் நான் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் பஸ் காசு கொடுத்தவர். அதனால் வேலை கிடைத்த மாதத்திலிருந்து, கேட்டபோதெல்லாம் போட்டேன். கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்தவன் நான். காசு சம்சுவுக்குத்தான் போகிறது என்று தெரியும். இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி, போனைச் சீக்கிரம் வைக்கிற அவசரம்.

ஒருநாள் சித்தி கூப்பிட்டார். அழவில்லை. "நீ காசு போடற அன்னிக்குத்தான்யா எங்களுக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்த வாரம் லூக்கா 10-ஐத் திரும்ப எடுத்தேன். நல்ல சமாரியன். அடிபட்டவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்க்கிறான், கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான். பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் மறுநாள் அவன் கிளம்பிப் போகிறான். அவனுக்கும் பயணம் இருக்கிறது. இரண்டு பணம் தருகிறான். அந்தக் காலத்துக் கூலிக்காரனின் இரண்டு நாள் சம்பளம். தருவது சத்திரக்காரன் கையில். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். திரும்பி வரும்போது! இத்தனை வருஷம் அந்த வார்த்தை எனக்குக் கேட்கவே இல்லை.

அடிபட்டவன் குடித்துவிட்டு விழவில்லையே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் சித்தப்பாவும் தானாக மட்டும் விழவில்லை. 1941-இல் கிள்ளான் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கூலி கொடுத்த தோட்டத்திலேயே கள்ளும் விற்றார்கள். கள்ளு போய்ச் சம்சு வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பாஸ்டருக்குக் கவாத்து உவமை ரொம்பப் பிடிக்கும். வெட்டிவிடாத தேயிலை மரமாகிவிடும், மனுசனும் அப்படித்தான் என்பார். சித்தப்பா அதைக் கேட்டு ஒருமுறை சொன்னார்: "வெட்டறவனுக்கு வலிக்காது."

போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் லயத்துக்கே போனேன். இனிமேல் கையில் காசு தர மாட்டேன், மளிகைக் கடைக் கணக்கை நான் கட்டுகிறேன், பத்து மணிக்கு மேல் உங்கள் போனை எடுக்க மாட்டேன், சித்தி கூப்பிட்டால் எந்நேரமும் எடுப்பேன், குடியை நிறுத்தக் கிளினிக்குக்குப் போக மனசு வந்தால் நானே கூட்டிப்போகிறேன். எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொண்டு போனதால் ஒப்பித்த மாதிரிதான் வந்தது.

"பெரிய வேதக்காரன்! ஏசுசாமி கணக்குப் பாத்தாடா மீன் குடுத்தாரு?"

அதற்குப் பதில் அன்றும் வரவில்லை, இன்றும் இல்லை.

மூன்று மாதம் பேசவில்லை. கடைக் கணக்கை மட்டும் கட்டினேன். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கேக்கோடு போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். வாடை இருந்தது. "புள்ளைக்கு டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "தானா ராத்தா கிளினிக்கு சனிக்கிழமை தொறந்திருக்குமா?"

"திங்கட்கிழமைதான் சித்தப்பா."

"ம்."

வருவாரா, தெரியாது. திங்கட்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன்.