வண்டி ஏறுமுன்

கண்டி வீதியாற் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காது அப்பாற் செல்வது அரிது. சாரதி வண்டியை நிறுத்துவார், கற்பூரம் எரியும், தேங்காய் உடையும், கச்சான் பொட்டலத்துடன் மீண்டும் ஏறிக்கொள்வோம். அந்த வழிபாட்டிற் குறை காண்பவனல்லன் நான். ஆயினும், நாம் பார்க்கவேண்டிய காரியங்களையும் சேர்த்துப் பிள்ளையாரின் தலையிற் சுமத்திவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அந்த ஐயத்தை எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பேச்சுப் போட்டியொன்றிற்காகப் பதினொரு மாணவரைக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாடகைக்கு ஒரு வான் பேசியிருந்தேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அது வந்து நின்றது. பிள்ளைகள் ஏறுமுன், ஏதோ ஓர் எண்ணம் தோன்ற, பத்திரங்களைக் காட்டும்படி சாரதியைக் கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “என்ன சேர், என்னில நம்பிக்கை இல்லையோ? பத்து வரியமா இந்த றோட்டிலதான் ஓடுறன்” என்றார்.

முன்கண்ணாடியில் இருந்த வருமான அனுமதிப்பத்திரத்திற்குக் காலம் இருந்தது. காப்புறுதிச் சான்றிதழும் காலாவதியாகவில்லை. ஆனால் அதிலே, “சொந்தப் பாவனைக்கு மட்டும்” என்ற கருத்தில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. கூலிக்கு ஓடுவதற்கு அந்தக் காப்புறுதி எழுதப்படவில்லை. இதைச் சுட்டிக்காட்டியதும் சாரதி குரலைத் தாழ்த்தி, “பொலிஸ் மறிச்சால், எல்லாரும் சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ சேர். ஒரு பிரச்சினையும் வராது” என்றார்.

அவர் குரலைத் தாழ்த்தியும் பயனில்லை. பதினொரு பிள்ளைகளும் கேட்டுவிட்டனர். பதினொரு சோடிக் கண்களும் என் முகத்தை நோக்கின. வாய்மையைப் பற்றிப் பேசுவதற்கு அவர்களுக்குப் பயிற்சி அளித்தவனும் நானே! வானைத் திருப்பி அனுப்பினேன். பஸ்ஸுக்குக் காத்திருந்து, நெரிந்து ஏறி, வவுனியாவை அடைந்தபோது கீழ்ப்பிரிவுப் போட்டி முடிந்திருந்தது. மூன்று மாதம் ஆயத்தம் செய்த ஒரு சிறுமி, பேசாமலே திரும்பினாள்.

எங்கள் மண்ணிற் சாரதியின் நோவுக்கு ஒரு காரணமும் உண்டு. 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறு போத்தலிற் காத்துவைத்த சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் கிடையாது, ஓட்டுப்போட்ட ரயருக்கு மேல் ஓட்டு. “ஓடினாற் போதும்” என்பதே அன்றைய வேதம். நோயாளியையும் பிரசவ வேதனையிற் துடித்த பெண்ணையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை அந்த வண்டிகளே. அவற்றை இகழ்வது நன்றிகெட்ட செயல். ஆனால் 2009இன் பின் வீதி செப்பனிடப்பட்டது, வேகம் கூடியது. அன்று குண்டுங்குழியுமான பாதையில் ஊர்ந்த வண்டிக்குப் போதுமாயிருந்த ரயர், இன்று நண்பகல் வெயிலில் விரையும் வண்டிக்குப் போதாது. காலம் மாறியும் பழக்கம் மாறவில்லை.

சட்டத்தின் நோக்கத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. பிரித்தானியாவில் இத்தகைய கட்டாயம் 1930இலேயே வந்துவிட்டது. காப்புறுதி செய்தவர் முதலாந்தரப்பு, நிறுவனம் இரண்டாந்தரப்பு, வண்டியால் ஊறுபடும் பிறர் மூன்றாந்தரப்பு. மோதியவன் ஏழையென்பதற்காக மோதப்பட்டவன் நிர்க்கதியாகக் கூடாது என்பதே இதன் உட்கருத்து. வண்டியின் சொந்தச் சேதத்திற்கு இந்தக் குறைந்தபட்சக் காப்புறுதி உதவாது. சொந்தப் பாவனைக்கென எழுதிய பத்திரத்துடன் கூலிக்கு ஓடி விபத்து நேர்ந்தாலோ, நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு. அப்பொழுது அலையப்போவது காயமுற்ற பிள்ளையின் பெற்றோரே.

வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காட்டவேண்டும். ஆதலால் கண்ணாடியிலுள்ள பத்திரம் ஒன்றே போதுமெனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. இரண்டின் முடிவுத் திகதியும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை. இடையிற் காப்புறுதி முடிந்திருக்கலாம். ஆகவே இரண்டையும், சாரதியின் அனுமதிப்பத்திரத்தையும் தனித்தனியே பார்க்கவேண்டும். பஸ்ஸானால் தகுதிச் சான்றிதழையும் கேட்கவேண்டும்.

வண்டியைப் பார்ப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. ரயர் மொட்டையாகிவிட்டதா, பக்கங்களில் வெடிப்பு உண்டா, மேலதிக ரயரிற் காற்று இருக்கிறதா என்று பார்க்கலாம். பிரித்தானியாவிற் கார் ரயரின் பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். விளக்குகள் எரிகின்றனவா, பிறேக்கை மிதித்தாற் பின்விளக்குச் சிவக்கின்றதா, இருக்கைப் பட்டி பூட்டுகின்றதா என்பவற்றை ஒரு மாணவனே பார்த்துவிடுவான்.

அன்று மாலை பஸ்ஸிலே திரும்பும்போது, அந்தச் சிறுமி நெடுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓமந்தை கடந்தபின் மெல்லக் கேட்டாள்: “சேர், வானை நேற்றே கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே?”

எனக்கு விடை இல்லை. சாரதியின் பிழையைக் கண்டுபிடித்த பெருமையில், என் பிழையை நான் மறந்திருந்தேன். முதல்நாள் மாலை பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் வேறு வான் பேசியிருக்கலாம், அவளும் பேசியிருப்பாள். கடைசி நேரத்திற் செய்யும் பரிசோதனை பாதிப் பரிசோதனையே.

அடுத்த ஆண்டு, பயணத்திற்கு முதல்நாள் மாலையே வானை வரவழைத்தேன். காப்புறுதிச் சான்றிதழில் “வாடகைக்கு” என்ற வரியை நான் தேடிக்கொண்டிருக்க, அந்தச் சிறுமி முழந்தாளிட்டு ரயரின் இலக்கங்களை உரக்க வாசித்தாள். சாரதி சிரித்தபடி மேலதிக ரயரையும் இறக்கிக் காட்டினார்.

மறுநாள் காலை முறிகண்டியில் நாங்களும் தேங்காய் உடைத்தோம்.