குட்டிக்கும் தூக்கு, ஆட்டுக்கும் தூக்கு!

உங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பழமொழிகளை நெட்டுருப் போடுவாள். ‘குட்டிக்காகத் தொங்குவதைவிட ஆட்டுக்காகவே தொங்கலாம்’ என்பது அதில் ஒன்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பொருள்தான். நமக்கு வெள்ளம், அவர்களுக்கு ஏன் தூக்குக் கயிறு? லண்டனில் ஒரு நாள் கால் வலிக்க நடந்தால் தெரிந்துவிடும். வாருங்கள்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் கிளிங்க் தெரு என்று ஒரு குறுகலான சந்து. இங்கே ஒரு சிறைச்சாலை இருந்தது. வின்செஸ்டர் பிஷப்புக்குச் சொந்தமான சிறை! 1780-ல் கலகக்காரர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள். சிறை போயிற்று; பெயர் போகவில்லை. ஒருவன் ஜெயிலுக்குப் போனால் இன்றும் ‘கிளிங்க்கில் இருக்கிறான்’ என்பார்கள். நாம் ‘மாமியார் வீடு’ என்பதில்லையா, அந்த மாதிரி. (மாமியார்கள் மன்னிக்க வேண்டும்!)

ஆற்றைக் கடந்து செயின்ட் பால் தேவாலயத்தைத் தாண்டினால் ஓல்ட் பெய்லி. பெய்லி என்றால் கோட்டையின் வெளிமதில். பழைய நகர மதிலை ஒட்டிய தெருவின் பெயர் கோர்ட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. 1907-ல் திறந்த இந்தக் கட்டடத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய நீதி தேவதை நிற்கிறாள். வாள் உண்டு, தராசு உண்டு. நாம் எதிர்பார்க்கும் கண்கட்டு மட்டும் இல்லை.

இதே இடத்தில்தான் நியூகேட் சிறை இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தூக்குக்குரிய குற்றங்கள் ஏறக்குறைய 200! ஆடு திருடுவது 1832 வரை அதில் ஒன்று. கடையில் ஐந்து ஷில்லிங் பெறும் துணியை யாரும் பாராமல் எடுத்தாலும் கயிறுதான். குட்டிக்கும் ஆட்டுக்கும் ஒரே தண்டனை என்றால், வயிறு காய்ந்தவன் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், சொல்லுங்கள்?

ஜூரர்களுக்கு மனம் கேட்கவில்லை. எதிரே ஓர் ஏழைப் பெண் நிற்கிறாள். துணியின் விலை ஐந்து ஷில்லிங்குக்கு மேல் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும், ‘நாலு ஷில்லிங் பத்துப் பென்ஸ்தான் பெறும்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இரண்டு பென்ஸில் ஓர் உயிர் தப்பியது! பிளாக்ஸ்டன் என்ற சட்ட மேதை இப்படிப்பட்ட தீர்ப்பைப் ‘புண்ணியப் பொய்ச் சத்தியம்’ என்றார். இங்கிலீஷில் எனக்கு மிகவும் பிடித்த சொற்றொடர் இதுதான்.

எல்லோரும் அப்படித் தப்பவில்லை. குழந்தைகளோடு அடைபட்டுக் கிடந்த பெண்களை எலிசபெத் ஃப்ரை அம்மையார் 1813-ல் இங்கே வந்து பார்த்தார். 1817-ல் சிறைக்குள்ளேயே பள்ளிக்கூடமும் தையல் வேலையும் ஏற்படுத்தினார். எதிரிலுள்ள செபல்கர் தேவாலயத்தில் ஒரு கைமணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தூக்குக்கு முந்தைய நள்ளிரவில் கைதியின் அறைக்கு வெளியே அதை அடிப்பார்களாம். உறங்கவா முடியும்!

விடிந்ததும் வண்டியில் ஏற்றி மூன்று மைல் தூரம் டைபர்னுக்குக் கொண்டுபோவார்கள். வழியில் நிறுத்தி மதுவும் கொடுப்பதுண்டு. ‘வழிக்கு ஒரு கிளாஸ்’ என்ற பேச்சு அதிலிருந்து வந்ததாகச் சில வழிகாட்டிகள் அளப்பார்கள். நம்பாதீர்கள், டைபர்னில் தூக்கு நின்று வெகுகாலம் கழித்துத்தான் அந்தப் பேச்சே அச்சில் தலைகாட்டுகிறது.

அந்த வண்டி போன டைபர்ன் சாலைதான் இன்று பெண்கள் பை பையாக ஜவுளி வாங்கும் ஆக்ஸ்போர்டு தெரு. அதன் மேற்குக் கோடியில், மார்பிள் ஆர்ச் அருகே, போக்குவரத்துக்கு நடுவில் தரையோடு தரையாக ஒரு வட்டக் கல். தூக்குமரம் நின்ற இடம். 1783-ல் இங்கே கடைசித் தூக்கு. சாலையைக் கடக்கக் காத்திருப்பவர்கள் அதன் மேலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள்.